மதகு யார் கையில்?

மேட்டூரில் வசிப்பவர்களுக்கு மதகின் அருமை தெரியும். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையில் நீர் நிறைந்திருந்தாலும், மதகு திறந்தால்தான் டெல்டாவில் நாற்று நட முடியும். கைப்பேசிச் செயலிகளின் சந்தையும் அத்தகையதே.

மென்பொருள் எழுதிப் பிழைக்கும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் கேட்டார்: "ஐயா, என் செயலியை முதலில் ஆண்ட்ராய்டில் வெளியிடுவதா, ஐஓஎஸ்ஸில் வெளியிடுவதா?" தொழில்நுட்பக் கேள்வியாகத் தோன்றினாலும் இதற்கான விடை பொருளியலில் இருக்கிறது.

இயங்குதளம் என்பது இருபக்கச் சந்தை. செயலிகள் மிகுந்த தளத்தை மக்கள் நாடுவர். மக்கள் மிகுந்த தளத்தைச் செயலி உருவாக்குவோர் நாடுவர். இச்சுழற்சியில் பின்தங்கிய தளம் மீள்வது அரிது. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் கைப்பேசித் தளமே போதிய செயலிகளின்றித் தேய்ந்தது. பின்னர் அதற்கான ஆதரவும் நிறுத்தப்பட்டது. சென்னை ஐஐடியின் ஆதரவுடன் 2023-இல் அறிமுகமான 'பார்ஓஎஸ்' முன் நிற்கும் சவாலும் இதுவே.

எஞ்சியவை இரண்டு. பதிவுக் கட்டணமாக கூகுள் ஒருமுறை 25 டாலர் பெறுகிறது; ஆப்பிள் ஆண்டுதோறும் 99 டாலர் பெறுகிறது. ஆண்ட்ராய்டில் வேறு கடைகளிலிருந்தும் செயலியை நிறுவலாம். இந்தியாவில் ஐபோனுக்கு அந்த வழி இல்லை. இங்கு மிகப் பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு. செயலிக்குப் பணம் செலவிடும் வழக்கம் ஐபோன் பயனாளர்களிடமே கூடுதல். எனவே, உள்ளூர் வாடிக்கையாளர் எனில் ஆண்ட்ராய்டு, வெளிநாட்டுச் சந்தா வருவாய் எனில் ஐஓஎஸ் என்றேன்.

ஆனால், எதைத் தேர்ந்தாலும் மதகு பிறர் கையில்தான். செயலிக்குள் விற்கும் டிஜிட்டல் சேவைக்கு இரு நிறுவனங்களும் பொதுவாக 15 முதல் 30 சதவீதம் வரை கட்டணம் பெறுகின்றன. இக்கட்டணம் குறித்த பிணக்கில், 2024 மார்ச் 1 அன்று சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட இந்தியச் செயலிகளை கூகுள் தனது கடையிலிருந்து நீக்கியது. மத்திய அரசு தலையிட்ட பின்னர், சில நாள்களில் அவை மீண்டும் இடம்பெற்றன. பெரிய நிறுவனங்களுக்காக அமைச்சர் பேசினார். ஒற்றை ஆளாய்ச் செயலி எழுதும் இளைஞருக்காக யார் பேசுவார்?

2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு இரு வழக்குகளில் ரூ.1,337.76 கோடியும் ரூ.936.44 கோடியும் அபராதம் விதித்தது. பின்னது 2025-இல் மேல்முறையீட்டில் ரூ.216.69 கோடியாகக் குறைந்தது. தவறு நிகழ்ந்து, வழக்கு முடிந்து, தீர்ப்பு வருவதற்குள் சிறு நிறுவனம் மூடப்பட்டிருக்கும். டிஜிட்டல் போட்டிச் சட்ட வரைவு 2024 மார்ச்சில் வெளியிடப்பட்டதன் காரணம், முன்கூட்டியே விதி வேண்டும் என்பதுதான். நீக்குமுன் அறிவிப்பு, விரைவான முறையீடு ஆகிய இரண்டும் சிறியவர்களுக்கும் உறுதிசெய்யப்பட வேண்டும்.

இணையதளம் ஒன்றையும் வாடிக்கையாளர் பட்டியலையும் சொந்தமாக வைத்துக்கொள்ளுமாறு என் மாணவரிடம் கூறினேன். ஆற்றுப் பாசனத்தை நம்பும் விவசாயியும் கிணறு ஒன்று வெட்டி வைப்பதில்லையா?