அல்சூர் ஏரிக்கரையும் நம் குடும்பங்களும்

பேராறு பாயாத ஊர் பெங்களூர். ஆற்றின் பணியை இங்கு ஏரிகளே செய்து வந்தன. அவற்றுள் தமிழர் வாழ்வோடு ஒன்றிக் கலந்தது, கன்னடத்தில் ஹலசூரு எனப்படும் அல்சூரின் ஏரி.

1809-இல் ஆங்கிலேயர் இப்பகுதியில் தண்டு அமைத்தனர. படையினரைப் பின்தொடர்ந்து வட ஆர்க்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து வணிகரும் கொத்தரும் கூலியாட்களும் குடும்பத்தோடு வந்து சேர்ந்தனர். 1864-இல் ஜோலார்ப்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட் வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. வண்டிப் பயணம் ரயில் பயணமாயிற்று. ரயில்வேயில் எழுத்து வேலை பார்க்கும் நமக்கு அது மறவாத ஆண்டு.

வந்தோர் தாம் பிழைத்ததோடு நிற்கவில்லை. ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்கெனப் பாடசாலை தொடங்கினார். அவ்வறம் இன்றும் நடைபெறுகிறது. 1950-இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் ஏரிக்கு அருகிலேயே உள்ளது. 1991-இல் நிறுவப்பெற்று மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் திறக்கப்பட்டது. நான்கே நாளில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது.

இவ்வேரியின் உபரிநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே தென்பெண்ணையை அடைந்து, கடலூரருகே கடலில் கலக்கிறது. விட்டு வந்த நாட்டுக்கும் வாழ வந்த ஊருக்கும் நீர் ஒன்றே! 2016 மார்ச்சில் கழிவுநீரால் இங்கு மீன்கள் திரளாகச் செத்து மிதந்தன. நாம் இங்கே கொட்டும் அழுக்கு நம் உறவினர் வயலையே நாடிச் செல்லும்.

அன்பர்களே, ஏரியைக் காப்போம். பாட்டனார் எவ்வூரிலிருந்து, எவ்வாண்டில், எத்தொழிலை நாடி வந்தார் என்பதையும் இல்லத்து முதியோரிடம் கேட்டு எழுதி வைப்போம். முதியோர் மறைந்தபின் கேட்க ஆளிராது.