5 ஃபண்டு வச்சிருக்கீங்க சரி... உண்மையில அது எத்தனை?

காயல்பட்டினத்துல இருந்து ஒரு தம்பி போர்ட்ஃபோலியோ அனுப்பியிருந்தார். 5 மியூச்சுவல் ஃபண்டு, ஒவ்வொண்ணுலயும் மாசம் 2,000 ரூபாய் எஸ்ஐபி. தங்கச்சிக்கு ஊர்ல வீடு கட்ட 3 வருஷத்துல இந்தப் பணம் வேணும். "பிரிச்சுத்தான் போட்டிருக்கேன், ரிஸ்க் கம்மிதானே?"ன்னு கேட்டார்.

லிஸ்டைப் பாருங்க: ஒரு நிஃப்டி 50 இண்டெக்ஸ், இரண்டு லார்ஜ் கேப், ஒரு இஎல்எஸ்எஸ், ஒரு ஸ்மால் கேப். செபியோட 2017 விதிப்படி லார்ஜ் கேப் ஃபண்டு குறைஞ்சது 80% பணத்தைச் சந்தை மதிப்புல முதல் 100 கம்பெனிகள்ல போடணும். நிஃப்டி 50-யும் கிட்டத்தட்ட அதே வட்டம்தான். பேருதான் வேற வேற.

எது எதோட சேரும்னு கண்டுபிடிக்கிற புள்ளியியல் முறைக்கு கிளஸ்டர் அனாலிசிஸ்னு பேர். இதுல நம்ம நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. கொல்கத்தாவுல இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கின மஹலனோபிஸ், 1936-ல ஒரு தூர அளவையை வெளியிட்டார். மனுஷங்களோட பல உடல் அளவுகளைச் சேர்த்து வச்சு, எந்தக் குழு எதுக்குக் கிட்டன்னு பார்க்கிற வேலையில இருந்து பிறந்தது அது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டியே நகர்ற இரண்டு அளவுகளைத் தனித்தனியா எண்ணினா, ஒரே விஷயத்தை இரண்டு தடவை எண்ணின மாதிரி ஆயிடும். அந்தத் தப்பை அவரோட அளவை சரிசெய்யும்.

நீங்களே செய்யலாம்:

1. ஒவ்வொரு ஃபண்டோட 36 மாச ரிட்டர்னை ஷீட்ல போடுங்க. என்ஏவி வேண்டாம், 20 ரூபாயா 800 ரூபாயாங்கிறது ஒண்ணும் சொல்லாது.
2. இரண்டிரண்டா கோரிலேஷன் போடுங்க. அதை 1-ல இருந்து கழிச்சா தூரம். 0.97 வந்தா தூரம் வெறும் 0.03.
3. ரொம்பக் கிட்ட இருக்கிறதை முதல்ல சேருங்க, அப்புறம் அடுத்தது.

தம்பிக்கு 4 ஃபண்டு ஒரே கொத்துல விழுந்துச்சு. ஸ்மால் கேப் கொஞ்சம் தள்ளி நின்னுச்சு. ஆனா 2020 மார்ச்ல ஸ்மால் கேப்பும் சேர்ந்துதான் சரிஞ்சது.

ஒரு எச்சரிக்கை: எத்தனை கொத்துன்னு முடிவு பண்றது நீங்கதான். 3 கேட்டா, இல்லாத இடத்துலயும் 3 பிரிச்சுக் கொடுக்கும்.

காயல் பழைய துறைமுக ஊர். சரக்கை 5 பெட்டியா கட்டி ஒரே கப்பல்ல ஏத்தினா என்ன ஆகும்னு அந்த ஊர்க்காரருக்கு நாம சொல்ல வேண்டியதில்லை. 3 வருஷத்துல வேணுங்கிற வீட்டுப் பணத்துக்கு ஆறாவது ஈக்விட்டி ஃபண்டு தேவையில்லை, வேற கப்பல்தான் தேவை.

உங்க லிஸ்ட்ல எத்தனை கப்பல்? இன்னைக்கே எண்ணிப் பாருங்க.