ஆட்டும் கையும் பாடும் குரலும்

அன்றைக்கு, விட்டத்தில் பழைய நூல்சேலை தூளியாகத் தொங்கும். ஒரு வேளை அம்மா ஆட்டுவாள், ஒரு வேளை ஆத்தா, ஒரு வேளை அத்தை. தாலாட்டில் மாமன் சீரோடு வருவார், அத்தை வருவாள், ஊர்ச்சாமியும் வரும். பிள்ளைக்கு முகம் பிடிபடும் முன்பே உறவுமுறையெல்லாம் ராகத்தோடு காதில் விழுந்துவிடும். உட்காரத் தொடங்கினால் சாய்ந்தாட ஒரு பாட்டு, கை வீச ஒரு பாட்டு, இடுப்பில் ஏறினால் நிலாவைக் கூப்பிட ஒரு பாட்டு. பிள்ளைத்தமிழ் இலக்கியம் இந்த வளர்ச்சியைத்தான் பருவங்களாக வகுத்தது: 5ஆம் மாதம் தலை நிமிர்ந்தாடும் செங்கீரை, 9ஆம் மாதம் கை கொட்டும் சப்பாணி.

இன்றைக்குத் தூளி இருந்த இடத்தில் ஸ்பிரிங் தொட்டில். சில வீடுகளில் அதை மோட்டாரே ஆட்டுகிறது. பாட்டு யூடியூபில் ஓடுகிறது. சோறு இறங்கக் கைப்பேசி வேண்டியிருக்கிறது. அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போக, ஆத்தா ஊரில் தனியாக இருக்கும் காலம் இது. பெற்றோரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆனால் பிள்ளை இழப்பது என்ன என்று தெரிந்துகொண்டே ஆகவேண்டும்.

2003இல் ஆய்வாளர் பாட்ரிசியா குல் குழுவினர் அமெரிக்காவில் 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மாண்டரின் மொழியை 12 முறை கேட்கச் செய்தார்கள். ஆள் நேரில் அமர்ந்து பேசி விளையாடியபோது, குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளை வேறுபடுத்திக் கேட்கக் கற்றன. அதையே தொலைக்காட்சியில் காட்டியபோது எதையும் கற்கவில்லை. 2016இல் அதே வயதுக் குழந்தைகளைத் தாளத்தோடு விளையாடவிட்டார்கள். இசைக்கு மட்டுமல்லாமல் பேச்சொலிக்கும் அவர்களின் மூளை கூர்மையாக எதிர்வினை காட்டியது. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது.

அன்றைய நாளில் எல்லாமே நன்றாக இருந்துவிடவில்லை. இரண்டு வயதாகியும் பேசாத பிள்ளையைப் பார்த்து, “அவங்கப்பனும் இப்படித்தான், மெதுவாத்தான் பேசினான்” என்று காத்திருந்தார்கள். காது கேட்கவில்லை என்று தெரியும்போது அருமையான மாதங்கள் கடந்திருக்கும். இன்றைக்குப் பச்சிளங்குழந்தை தூங்கும்போதே சில நிமிடங்களில் செவித்திறனைப் பரிசோதிக்கலாம். ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதி செய்தல், 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. காதுக்குள் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சைக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. இது பெரிய வரம்.

ஆகவே பிரசவம் முடிந்து வீடு திரும்பும் முன்பே செவிப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்தபின் குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் பாடுங்கள். குரல் இனிமையாக இருக்கவேண்டியதில்லை. பாட்டு முழுதாகத் தெரியவேண்டியதுமில்லை. பிள்ளை “ங்கா” என்றால் நீங்களும் “ங்கா” என்று சொல்லி, அது மறுபடி சொல்லும்வரை பொறுத்திருங்கள். எந்தத் திரையும் அப்படிப் பொறுத்திருக்காது. அப்பாக்களே, இது உங்களுக்கும் உள்ள வேலை.