அதே இடத்தில் நிற்றல்

1993 ஆவணியில் நண்பர் ஒருவரின் காரில் சுவிஸின் ஃபுர்கா கணவாய்க்குப் போய், றோன் பனியாற்றைப் படமெடுத்தேன். 2011 இல் மீண்டும் போய் எடுத்தேன். இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டியபோது, பனி பின்வாங்கியிருந்த தூரத்தைக் கண்டு எல்லோரும் திகைத்தார்கள். ஊரில் மேசன் வேலை செய்த நண்பர் மட்டும் கேட்டார்: "முதற்படத்தில மதிலுக்குப் பின்னால மறைஞ்சிருந்த பாறை இதில எப்பிடி வெளியில வந்தது? பாறையும் நடந்ததோ?"

நடந்தது நான்தான். பனி உருகியது உண்மை. ஆனால் எவ்வளவு மாற்றம் பனியுடையது, எவ்வளவு என் கால்களுடையது என்பதை என் படங்களால் சொல்ல முடியாது. அவை சாட்சியமாகா.

ஒரு படத்தில் எது எதை மறைக்கிறது என்பதைத் தீர்மானிப்பது வில்லையல்ல, கமரா நிற்கும் இடம். ஐந்து மீற்றர் தூரத்தில் ஒரு மதில் இருக்கிறது என்று வைப்போம். கமராவைப் பக்கவாட்டில் 10 சென்ரிமீற்றர் நகர்த்தினால், தூரத்து மலையோடு ஒப்பிடுகையில் அந்த மதில் 50 மில்லிமீற்றர் வில்லையின் பிலிமில் ஒரு மில்லிமீற்றர் விலகும். கமரா திரும்பியிருந்த கோணத்தில் வரும் சிறு பிழையைப் பின்னர் வெட்டியோ கணினியில் திருப்பியோ சரிசெய்யலாம். இடத்தில் வரும் பிழைக்குப் பரிகாரமில்லை. மதில் மறைத்ததை எந்தக் கணினியும் மீட்டுத் தராது. கைத்தொலைபேசியின் இடங்காட்டியும் சில மீற்றர் பிழைவிடும். தெருவோரம் வரை கொண்டுபோய் விடுமேயன்றி, புள்ளியில் நிறுத்தாது.

பழைய படத்தின் இடத்தைக் கண்டுபிடிக்க, படத்தின் இடப்பக்கத்தில் கிட்டத்துப் பொருள் ஒன்றும் தூரத்துப் பொருள் ஒன்றும் ஒரே நேரில் வரும் சோடியைத் தேடவேண்டும். அந்தச் சோடி நேரில் வரும்வரை நகர்ந்தால் ஒரு கோடு கிடைக்கும். வலப்பக்கத்துச் சோடி இன்னொரு கோட்டைத் தரும். இரண்டும் வெட்டுமிடமே நாம் நிற்கவேண்டிய இடம். கிட்டத்து மதிலின் மேல்விளிம்பு தூரத்துப் பாறையை எங்கே வெட்டுகிறது என்று பார்த்து உயரத்தைப் பிடிக்கலாம். கமராவை எங்கே திருப்புவது என்பது இதற்குப் பிறகு வரும் கேள்வி.

அடுத்த தடவைக்காக முக்காலியின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது தொடும் புள்ளியை நிலத்தில் அடையாளமிடவேண்டும். நடுத்தண்டை உயர்த்தக்கூடாது. புள்ளியிலிருந்து வில்லைக்கு உள்ள உயரத்தையும், அசையாத இரண்டு பொருட்களுக்கு உள்ள தூரத்தையும் நாடாவால் அளந்து எழுதவேண்டும். ரசமட்டம் பார்க்கவேண்டும். காட்சியின் மையம் எந்தச் சிகரத்தின் எந்தப் பிளவில் விழுகிறது என்று குறிக்கவேண்டும். மாதமும் நேரமும் மாறக்கூடாது. மாறினால் நிழல் பொய் சொல்லும்.

இந்தக் கறார்த்தனத்தின் பலன் மாற்றத்தை அளப்பது மட்டுமல்ல. 1977 இல் மார்க் கிளெற்றும் அவரது சகாக்களும், நூறாண்டுக்கு முன் அமெரிக்க மேற்கில் அரச நில ஆய்வாளர்களுடன் சென்ற ஒளிப்படக்காரர்களின் இடங்களைத் தேடிப் போனார்கள். பழைய படத்திலும் புதிய படத்திலும் புள்ளிகளின் இடைவெளிகளை அளந்து ஒப்பிட்டு, கமராவை நகர்த்தி நகர்த்தி இடம் பிடித்தார்கள். யூற்றாவில் தீமோத்தி ஓசலிவன் 1860களின் இறுதியில் எடுத்த பாறைகளுக்கு முன்னால் அப்படி நின்றபோது ஒன்று வெளிப்பட்டது. அவர் கமராவைச் சரித்துப் பிடித்திருந்தார். படத்தின் நாடகத்தனம் பாறையுடையதல்ல, கமராவுடையது. மீண்டும் எடுத்த படம் முதற்படத்தையே விசாரித்துவிட்டது.

போர் முடிந்த 2009 க்குப் பிறகு ஊர் போய்வந்த எம்மில் பலர் "ஊர் மாறிவிட்டது" என்று எழுதியிருக்கிறோம். நானும் எழுதினேன். அது பொய்யென்று சொல்ல வரவில்லை; போர் மாற்றியதை மறுக்க யாராலும் முடியாது. ஆனால் அந்த ஒழுங்கையை முதலில் பார்த்தவன் சைக்கிளில் போன பதினைந்து வயதுப் பையன். அவன் கண்ணின் உயரம் என்ன, எதைச் சரித்துப் பிடித்திருந்தான் என்று நான் கேட்கவேயில்லை.

2012 இல் அந்த மேசன் நண்பரோடு ஃபுர்காவுக்கு மறுபடியும் போனேன். தூக்குக்குண்டை அவரே கொண்டுவந்தார். பாறை மதிலுக்குப் பின்னால் போய் மறைய அரை நாள் எடுத்தது. பனி அப்போதும் பின்வாங்கித்தான் இருந்தது. ஆனால் நான் முன்னர் காட்டிய அளவுக்கு இல்லை.