ஒருவனுக்காகப் பலரை விடலாமோ?

விளையாட்டு வீரர்க்கு விலை கூறும் காலம் இது. 2024 நவம்பரில் ஜித்தா நகரில் நடைபெற்ற இந்தியன் பிரீமியர் லீக் ஏலத்தில், ரிஷப் பந்த் என்னும் ஒருவருக்காக லக்னோ அணி 27 கோடி இந்திய ரூபா கொடுத்தது. அவ்வணி செலவிடக்கூடிய மொத்தத் தொகையோ 120 கோடி. மறுநாள் வட்டகொடைத் தேநீர்க் கடையிலும் எம் வகுப்பறையிலும் இதே பேச்சு. “ஒருவனுக்கு இவ்வளவா?” என்றனர் சிலர், “அவன் ஒருவன் போதாதா?” என்றனர் வேறு சிலர். இவ்விரு கட்சியையும் சீர்தூக்கி நோக்குவோம்.

இவ்வழக்கு அமெரிக்காவில் பழையது. அந்நாட்டு உதைபந்தாட்டம் நாம் அறிந்ததன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே அதில் மிகுதி. பந்து எவரிடம் செல்வது என்று நொடிப்பொழுதில் முடிவு செய்து ஆட்டத்தை நடத்துபவர் ‘குவாட்டர்பேக்’. புதிய வீரரை அங்கே ஏலம் எடுப்பதில்லை. அணிகள் முறைவைத்துத் தெரிந்தெடுக்கும். சென்ற ஆண்டு தாழ்ந்து நின்ற அணிக்கே முதல் முறை. சிறந்த குவாட்டர்பேக் ஒருவரை விழையும் அணி, தனக்கு வரவிருக்கும் முறைகள் பலவற்றைப் பிறர்க்கு ஈந்து முன்னிடம் பெறும்.

2017இல் கன்சாஸ் நகர அணி இவ்வாறு 27ஆம் இடத்திலிருந்து 10ஆம் இடத்துக்கு ஏறிப் பேட்ரிக் மஹோம்சைப் பெற்றது. 2020, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடியது. 2021இல் சான் பிரான்சிஸ்கோ அணி மூன்று முதற்சுற்று முறைகளைக் கொடுத்து ட்ரே லான்சைப் பெற்றது. அவரோ அவ்வணிக்காக ஆட்டந் தொடங்கியது நான்கே முறை. 2022இல் எல்லார்க்கும் கடைசியாக, 262ஆம் இடத்தில் எடுக்கப்பட்ட புரோக் பர்டியே அவ்வணியை 2024 இறுதியாட்டம் வரை இட்டுச் சென்றார். அங்கே அவரை வென்றவர் மஹோம்ஸ்! அணிகள் முன்னிடத்துக்குத் தகுதியினும் மிகுதியான விலை கொடுக்கின்றன என்று ரிச்சர்ட் தேலரும் கேட் மாசியும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர்.

இனி நம்மவர் அறிந்த ஏலத்துக்கு வருவோம். 2008இல் ஒவ்வோர் அணிக்கும் 50 இலட்சம் டொலர் வரம்பு. அதில் 15 இலட்சத்தைச் சென்னை அணி மகேந்திர சிங் தோனிக்கே கொடுத்தது. நம் கண்டி முத்தையா முரளிதரனுக்கு 6 இலட்சம். அவ்வாண்டு இறுதியாட்டத்தில் சென்னை தோற்றது. வென்ற ராஜஸ்தான் அணியின் தலைவர் ஷேன் வோர்ன் பெற்ற விலை நாலரை இலட்சமே. ஓராண்டுக் கணக்கில் சென்னைக்கு நட்டம். ஆயினும் 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஐந்து ஆண்டுகளிலும் தோனி தலைமையிலேயே அவ்வணி கிண்ணம் ஏந்திற்று. மிச்செல் ஸ்டார்க்கை 24.75 கோடிக்கு எடுத்த கொல்கத்தா, 2024இன் முதலிரு ஆட்டங்களில் அவர் ஒரு விக்கெட்டும் பெறாது 100 ஓட்டங்கள் கொடுத்தபோதும் அவரைக் கைவிடவில்லை. இறுதியாட்டத்தின் சிறந்த வீரர் அவரே ஆயினர்.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல் என அதிகாரங்கள் முறையே நிற்றல் காண்க. ஆளைத் தெளியுமுன் தன் வலியை அறிதல் வேண்டும். ஒருவனுக்குக் கொடுத்தபின் எஞ்சிய பத்துப் பேரை நிறுத்தக் கைப்பொருள் உண்டா? அவன் நிற்கும் இடம் ஆட்டம் முழுவதையும் ஆளும் இடமா? அவன் கனியும் வரை காத்திருக்க மனம் உண்டா? மூன்றுக்கும் ‘ஆம்’ எனின் அவ்விலை தகும். ஒன்று குறையினும் அது சூதாட்டமே. லக்னோ 2025இல் ஏழாம் இடமே பெற்றது. பந்த் அடித்த 269 ஓட்டங்களுள் 118 கடைசி ஆட்டத்தில் வந்தவை. ஓராண்டு கொண்டு அவரைக் கழித்தலும் அறிவாகாது.

ஆசிரியராகிய நமக்கும் இதிற் பாடமுண்டு. புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்குங்கால், தேறக்கூடிய ஒரு பிள்ளைக்கே பொழுதெல்லாம் கொடுத்துக் கடைவாங்குப் பிள்ளைகளை மறந்துவிடுகின்றோம். யானும் அவ்வாறு செய்ததுண்டு. தோற்ற அணிக்கு அடுத்த ஆண்டில் வேறோர் ஏலம் வரும். நாம் மறந்த பிள்ளைக்கு அவ்வகுப்பு மீண்டும் வாராது.