லோனார்: எரிமலைப் பாறைதான், ஆனா எரிமலை ஏரி இல்ல!

மும்பையிலிருந்து சுமார் 500 கி.மீ. தள்ளி, புல்டாணா மாவட்டத்தில், காடு மூடிய வட்டமான ஒரு பெரும் பள்ளம். அடியில் பச்சைத் தண்ணீர். லோனார் ஏரியை வீக்கெண்ட் ட்ரிப் ரீல்ஸ்ல 'எரிமலை ஏரி'ன்னு நீங்க பார்த்திருக்கலாம். அது பாதிதான் சரி.

பாறை எரிமலையோடதுதான். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணம் முழுக்க வழிந்த எரிமலைக் குழம்பு குளிர்ந்து உறைந்த கருங்கல் அது. மும்பை உட்கார்ந்திருப்பதும் பெரும்பாலும் அதே குழம்பின் மேல்தான். அந்தேரியில் கட்டடங்களுக்கு நடுவே தூண் மாதிரி நிற்கும் கில்பர்ட் மலையும் அந்தக் காலத்துச் சரக்குதான். ஆனா, லோனார் பள்ளம் வேறு கதை.

அப்போ பள்ளம் எப்படி வந்தது?

விண்கல் விழுந்து. பள்ளத்தின் விட்டம் சுமார் 1.8 கி.மீ. மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து சயான் ஸ்டேஷன் வரைக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைவு. பரப்பளவில் தாராவியே உள்ளே அடங்கிவிடும்.

1823-ல் சி.ஜே.இ. அலெக்சாண்டர் என்ற ஆங்கிலேய அதிகாரி இதைப் பதிவு செய்தார். அதன்பின் ரொம்ப காலத்துக்கு எரிமலை வாய் என்பதே பலரின் முடிவு. சுத்தி எங்கும் எரிமலைப் பாறை இருக்கும்போது வேறென்ன தோணும்? சிக்கல் என்னன்னா, பள்ளம் ரொம்பப் புதுசா இருந்தது. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடியே அணைந்த எரிமலைக்கு விளிம்பு இவ்வளவு கூர்மையா இருக்காது. 1964-ல் விண்கல் பள்ளமாக இருக்கலாமோ என்று லாஃபாண்ட், டீட்ஸ் என்ற இருவர் ஆய்விதழில் கேள்வி எழுப்பினார்கள். 1973-ல் 'சயின்ஸ்' இதழில் பதில் வந்தது. அதை எழுதிய நால்வரில் எம்.எஸ். பாலசுந்தரமும் ஒருவர். ஏரிக்கடியில் துளை போட்டு எடுத்த பாறையில் 'மாஸ்கெலினைட்' என்ற கண்ணாடி கிடைத்திருந்தது. பாறைக்குள் இருக்கும் ஒரு கனிமம் உருகாமலே, பயங்கர அதிர்ச்சி அழுத்தத்தில் கண்ணாடியாக மாறினால் வருவது அது. எந்த எரிமலையாலும் அந்த அழுத்தத்தைத் தர முடியாது.

வயசுதான் இன்னும் சுவாரஸ்யம். முதலில் சுமார் 52,000 ஆண்டுகள் என்றார்கள். 2011-ல் வெளியான ஆர்கான் முறை ஆய்வு சுமார் 5,70,000 ஆண்டுகள் என்றது. கிட்டத்தட்ட 11 மடங்கு! இன்றைக்கும் பழைய எண்ணை காப்பி-பேஸ்ட் செய்யும் பக்கங்கள் ஏராளம்; பார்த்தால் நம்பாதீங்க.

இது ஏன் உலகத்துக்கு முக்கியம்? செவ்வாய், நிலா இரண்டிலும் எரிமலைப் பாறைமேல் விண்கல் விழுந்த பள்ளங்கள் உண்டு. பூமியில் அந்த வகை மிகச் சிலவே.

தண்ணீர் ஏன் அப்படி?

உள்ளே வரும் நீர் வெளியேற ஆறோ ஓடையோ கிடையாது. வெயில் தண்ணீரை எடுத்துக்கொள்ளும், உப்பும் காரமும் தங்கிவிடும். பிஎச் அளவு 10-ஐ ஒட்டி. ஆரத்தித் தட்டுல மஞ்சளோட சுண்ணாம்பு சேர்ந்தா சிவக்குமே, இந்தத் தண்ணியும் மஞ்சளை அப்படிச் சிவக்க வைக்கும். அக்பர் காலத்து 'ஆயின்-இ-அக்பரி'யே கண்ணாடிக்கும் சவுக்காரத்துக்கும் வேண்டிய பொருள் இங்கே கிடைப்பதைச் சொல்கிறது. மீன் கிடையாது. நுண்ணுயிர்களுக்கு மட்டும் கொண்டாட்டம். 2020 ஜூனில் ஏரி திடீரென இளஞ்சிவப்பானது அவற்றால்தான். நீர் குறைந்து உப்பு ஏறியபோது, உப்பை விரும்பும் ஹாலோஆர்க்கியா நுண்ணுயிர்கள் பெருகி நிறம் தந்தன என்று புனே அகர்கர் ஆய்வு நிறுவனம் கண்டறிந்தது. அதே ஆண்டில் லோனார் ராம்சார் ஈரநிலமானது.

பிரச்சினையும் இதே கணக்குதான். வாசல் இல்லாத பாத்திரத்தில் எது விழுந்தாலும் தங்கும். நல்ல தண்ணீர் அதிகம் கலந்தால் காரம் நீர்த்து, அந்த நுண்ணுயிர்களுக்கே இடமில்லாமல் போகும். ஊர்க் கழிவுநீர் உட்பட ஏரியின் பாதுகாப்பு பற்றிய வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளைக்குப் போனது. உள்ளே பரவிய இன்னொரு விருந்தாளியை உங்களுக்கு ஊர்லயே தெரியும்: சீமைக் கருவேலம்.

போகணும்னா?

தாதரில் நின்று போகும் வந்தே பாரத் ரயிலில் ஜால்னாவில் இறங்கி, அங்கிருந்து சாலை வழி சுமார் 90 கி.மீ. விளிம்பிலிருந்து ஏரிக்கு இறக்கம் 130 மீட்டருக்கு மேல், மழையில் வழுக்கும். காலையிலேயே இறங்கிடுங்க, குடிதண்ணீர் கையோட எடுத்துக்குங்க. மயில், கருமுகக் குரங்கு, இடிந்த பழைய கோயில்கள் எல்லாம் வழியில் வரும். கரைச் சேற்றில் நாத்தம் அடிக்கும், கால் புதையும். செல்ஃபிக்காக அதில் இறங்க வேண்டாம். இது வனவிலங்கு சரணாலயம். பாறைத் துண்டு ஒன்றைக்கூட பையில் போட அனுமதி இல்லை.