குலதெய்வக் கோயிலுக்கு ஒரு பாட்டரி

மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிடக் கிளம்புகிறீர்களா? அரிசி, வெல்லம், தேங்காய், ஜமக்காளம் என்று ஜாபிதா போட்டாயிற்றா? அதன் கடைசி வரியில் 'பாட்டரி' என்று எழுதியிருப்பீர்களே, அதைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

எங்கள் சாமி இருப்பது பரளச்சிப் பக்கத்துக் கரிசல் காட்டில். சுற்றிலும் சீமைக்கருவேலம்; மின்சாரக் கம்பி அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு வருஷம் சென்னையிலிருந்து இருபது பேர் வேனில் போனோம். விளக்குக்கும் விசிறிக்கும் தனியாக ஒரு 12 வோல்ட் பாட்டரி. "வேன் ஓட ஓடத் தானே சார்ஜ் ஆகிவிடும்" என்றார் என் வீட்டுக்காரர். நடுச்சாமத்தில், பொங்கல் பானையை இறக்குகிற நேரம் பார்த்து அத்தனை விளக்கும் அணைந்தது. இருட்டில் என் மாமியார் கொதிக்கும் பானையில் கை வைத்துவிட்டார். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

மறுநாள் அருப்புக்கோட்டையில் ஒரு பாட்டரிக் கடை அண்ணாச்சியிடம் முறையிட்டோம். கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஏம்மா, இம்மாம் பெரிய குடத்துக்கு இந்த நூல் குழாயா?" என்றார்.

விஷயம் அதுதான். ஈயப் பாட்டரி வயிறு நிறைய 14.4 வோல்ட் வேண்டும். வண்டி டைனமோவிலிருந்து பின்சீட் வரை மெல்லிய கம்பி இழுத்தால், வோல்ட் வழியிலேயே இறங்கிப்போகும். புது வண்டிகள் சிலவற்றில் டீசலை மிச்சம் பிடிக்க டைனமோவே வோல்ட்டைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. வண்டியிலிருந்துதான் ஏற்ற வேண்டுமென்றால், தடித்த கம்பி, ஒரு ஃபியூஸ், நடுவே டிஸி-டிஸி சார்ஜர் மூன்றும் அவசியம். வெளிநாடுகளில் வீட்டையே சக்கரத்தில் இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

வாங்குமுன் மளிகைக் கணக்கு மாதிரி ஒரு கணக்குப் போடுங்கள். 9 வாட் பல்பு நாலு, 10 மணி நேரம்: 360. சின்ன விசிறி 20 வாட், அதே 10 மணி: 200. மொத்தம் 560. 100 ஆம்பியர்-மணி பாட்டரியில் 1,200 இருக்கிறது. ஆனால் ஈயப் பாட்டரியில் பாதிக்கு மேல் உறிஞ்சினால் அதன் ஆயுசு குறையும். ஆகவே கைக்கு வருவது 600தான். அதற்கு மேல் ஒரு விசிறி கேட்கிற மைத்துனருக்குப் பனையோலை விசிறி கொடுங்கள்!

சார்ஜருக்கு அண்ணாச்சி சொன்ன அளவு, பாட்டரியில் பத்தில் ஒரு பங்கு. 100-க்கு 10 ஆம்பியர். வீட்டுச் சுவரில் மாட்டினால் ஒரு ராத்திரியில் நிறைந்துவிடும். நிறைந்ததும் தானே 13.6 வோல்ட் பக்கம் இறங்குகிற சார்ஜராகக் கேட்டு வாங்குங்கள். இறங்காதது பாட்டரித் தண்ணீரைக் கொதிக்க வைத்து வற்றடித்துவிடும். கழற்றிச் சில மணி நேரம் கழித்து மீட்டர் வையுங்கள். 12.6-க்குக் குறையாமல் காட்டினால்தான் கிளம்பலாம். 'பச்சை விளக்கு எரிந்ததே' என்பதெல்லாம் சாட்சி ஆகாது.

இரண்டு நாள் தங்குவதானால் சூரியனைக் கூப்பிடுங்கள். பக்கத்துக் கமுதித் தாலுகாவில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையமே எழுப்பியிருக்கிறார்கள். அந்த வெயில்தானே நமக்கும்! 100 வாட் பலகை நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 25, 30 ஆம்பியர்-மணி கொடுக்கும். நடுவே கன்ட்ரோலர் இல்லாமல் மாட்டக் கூடாது. நாங்கள் ஆசையாக மரத்தடியில் சாய்த்து வைத்தோம். ஒரு கிளையின் நிழல் விழுந்தாலே வரவு படுத்துவிடுகிறது. பலகைக்கு வெயில், பாட்டரிக்கு நிழல், மாற்றி வைக்காதீர்கள்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பாட்டரி லேசு. முக்காலுக்கு மேலும் செலவழிக்கலாம். விலைதான் கூடுதல். அதற்கென்றே சொல்லப்பட்ட சார்ஜர் வேண்டும். பழையதை மாட்டிச் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஒரு ஜாக்கிரதை. சார்ஜ் ஆகும்போது ஈயப் பாட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு கிளம்பும். கற்பூரத்தட்டையும் ஊதுபத்தியையும் அதனருகே கொண்டுபோகாதீர்கள். தண்ணீர் குறைந்தால் வாலை வடிநீர்தான் ஊற்ற வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீர் ஆகவே ஆகாது. அப்புறம், பாட்டரிக்குக் கைகொடுக்கும்போது நல்ல நூல் புடவை உடுத்தாதீர்கள். அமிலம் பட்டது அன்று தெரியாது. துவைத்த பிறகுதான் ஓட்டை தெரியும்.